கர்ப்ப காலத்தில் எந்த உபாதைக்கு உடனே ஆஸ்பத்திரி போகணும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கர்ப்பிணிகளும் அவர்களுடைய அம்மா, மாமியார், கணவர்மாரும் செக்கப்புக்கு வரும்போது திரும்பத் திரும்பக் கேட்கிற சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைத் தந்திருக்கிறோம். பதில்கள் தமிழ்நாட்டில் இருப்பவர்களை மனதில் வைத்து எழுதியவை. வாரக் கணக்கு எல்லாமே கடைசியாகத் தலைக்குக் குளித்த மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. 28 வாரம் முடிந்தால் வீட்டுக் கணக்குப்படி ஏழு மாதம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"வாந்தி, இடுப்பு வலி, கால் வீக்கம்னு தினம் ஒண்ணு வருது. எதுக்குத்தான் பயப்படணும்?"

பெரும்பாலானவை பயப்பட வேண்டியவை அல்ல. மசக்கை, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், ராத்திரியில் கெண்டைக்கால் பிடிப்பது, சாயங்காலம் பாதம் வீங்குவது இதெல்லாம் வரும், போகும்.

எந்த மாதமாக இருந்தாலும் ரத்தம் படுவது, பனிக்குடம் உடைவது, விடாத தலைவலி, கண் மங்குவது, வலிப்பு, மயக்கம், விட்டுப் பிடிக்காமல் ஒரே சீராக இருக்கும் வயிற்று வலி, திடீர் மூச்சுத் திணறல், 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், குழந்தையின் துடிப்பு குறைவது: இவற்றில் ஒன்று வந்தாலும் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்கக் கூடாது. "விடியட்டும், போகலாம்" என்பதும் கூடாது. தாய்க்கோ குழந்தைக்கோ ஆபத்தாக முடிந்த பல பிரசவங்களில் நோயை விட வீட்டில் காத்திருந்த நேரம்தான் அதிகக் கேடு செய்திருக்கிறது. இந்தப் பட்டியலில் இல்லாத ஏதோ ஒன்று உறுத்தினால் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரையோ, 104 என்ற அரசு மருத்துவ ஆலோசனை எண்ணையோ, நீங்கள் பார்க்கும் ஆஸ்பத்திரியையோ போனில் கேளுங்கள்.

"மசக்கை எல்லாருக்கும் வர்றதுதானே? எப்போ அது அளவுக்கு மீறினதுன்னு எடுத்துக்கிறது?"

சிறுநீரைப் பாருங்கள். எட்டு மணி நேரமாகப் போகவில்லை, அல்லது போனாலும் கொஞ்சமாக, அடர்ந்த நிறத்தில் போகிறது என்றால் உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது. ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கூட வயிற்றில் தங்கவில்லை, எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, வாந்தியில் ரத்தம் வருகிறது, எடை குறைந்துவிட்டது (50 கிலோ இருந்தவர் 2.5 கிலோ குறைவது அதிகம்) என்றாலும் அன்றே போக வேண்டும். அதுவரை ஓஆர்எஸ் பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் கரைத்து, சில நிமிடத்துக்கு ஒரு முறை ஸ்பூன் ஸ்பூனாகக் கொடுங்கள். மடமடவெனக் குடித்தால் திரும்ப வந்துவிடும்.

பக்கத்துக் கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டு வருவது நம் ஊரில் பழக்கம். பல வாரமாக வாந்தி எடுத்தவருக்கு பி1 சத்து கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படும் வாய்ப்பு உண்டு. எத்தனை வாரமாக வாந்தி என்பதை அங்கே மறக்காமல் சொல்லுங்கள்.

மசக்கை பொதுவாக ஐந்தாறு வாரத்தில் தொடங்கி, நான்காம் மாத முடிவுக்குள் அடங்கும். ஐந்தாம் மாதத்துக்குப் பிறகு புதிதாக வாந்தி தொடங்கினால் அதை மசக்கை என்று விட்டுவிட வேண்டாம். பிபி, கல்லீரல், சிறுநீர்த் தொற்று மூன்றையும் பார்க்க வேண்டும்.

"ரெண்டு மாசம்தான் ஆகுது, லேசா ரத்தம் பட்டுச்சு. கலைஞ்சிடுச்சா?"

முதல் மூன்று மாதத்தில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு ஏதோ ஒரு அளவில் ரத்தம் படுகிறது. அவர்களில் நிறையப் பேருக்குக் கர்ப்பம் நல்லபடியாகத் தொடர்கிறது. ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும், தாமதிக்காமல் எடுத்துவிடுங்கள். கலைந்திருந்தால் அதற்கு நீங்கள் சாப்பிட்ட பப்பாளியோ, தூக்கிய தண்ணீர்க் குடமோ காரணம் இல்லை. ஆரம்பத்தில் கலைவதில் பாதிக்கு மேல் கருவின் குரோமோசோம் கோளாறால் ஆவது. அந்தப் பெண்ணைக் குற்றம் சொல்லாதீர்கள்.

கரு கர்ப்பப்பைக்குள்தான் இருக்கிறது என்று ஸ்கேனில் இன்னும் பார்க்காதவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கருக்குழாயில் கரு வளர்ந்தால் அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலி, தலைசுற்றல், தோள்பட்டை நுனியில் வலி வரும். வயிற்றுக்குள் கசியும் ரத்தம் உதரவிதானத்தை உறுத்துவதால் தோளில் வலிக்கிறது. வெளியே ரத்தம் சொட்டுச் சொட்டாகத்தான் வரும், உள்ளே லிட்டர் கணக்கில் போய்க்கொண்டிருக்கும். உடனே 108.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுதாக நனைந்தாலும் அப்படித்தான். நெகட்டிவ் ரத்த வகை என்றால் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராகத் தாயின் உடல் செயல்படாமல் தடுப்பது) வேண்டுமா என்று கேளுங்கள். வேண்டுமென்றால் 72 மணி நேரத்துக்குள் போட வேண்டும். மெடிக்கலில் கலைப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டிருந்தால் அதையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். சிகிச்சை சரியாக அமைய அது தெரிய வேண்டும்.

"எட்டாம் மாசம். வலியே இல்லாம ரத்தம் போச்சு, தானா நின்னுடுச்சு. இனிமே போகணுமா?"

கட்டாயம் போகணும். நஞ்சுக்கொடி கர்ப்பப்பை வாயை மறைத்துக் கீழே இருந்தால் இப்படித்தான் வலியில்லாமல் ரத்தம் வரும், நிற்கும். அடுத்த தடவை வருவது முதல் தடவையை விட அதிகமாக இருக்கலாம். ஸ்கேன் ரிப்போர்ட்டில் நஞ்சுக்கொடி கீழே இருப்பதாக எழுதியிருந்தால் உள்ளே நுழைந்ததும் அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். நஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் விரல் விட்டுச் சோதித்தால் ரத்தப்போக்கு பீறிட்டுவிடும். ஆபரேஷன் தியேட்டரும் ரத்தமும் 24 மணி நேரமும் கிடைக்கும் இடத்துக்குப் போங்கள். அரசு ஆஸ்பத்திரிகளில் இதற்கு சீமாங்க் மையம் என்று பெயர். மருத்துவக் கல்லூரிகளிலும் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும் இருக்கிறது.

இதற்கு நேர்மாறானதும் உண்டு. ரத்தம் கொஞ்சம்தான், ஆனால் வயிறு கட்டை போல இறுகி, வலி இடைவெளியே விடாமல் இருக்கும். நஞ்சுக்கொடி குழந்தை பிறக்கும் முன்பே பிரிந்து, ரத்தம் உள்ளேயே தேங்கும் நிலை அது. பிபி அதிகமாக இருப்பவர்களுக்கும் வயிற்றில் அடிபட்டவர்களுக்கும் அதிகம் வருகிறது. வெளியே எவ்வளவு ரத்தம் வந்தது என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. தேதி நெருங்கும்போது சளி மாதிரி கொழகொழவென்று, லேசாக ரத்தம் கலந்து வருவது வேறு. பிரசவம் தொடங்கப்போகிறது என்பதற்கு அது அடையாளம்.

"கால் வீங்கினா ஆம்பளப் பிள்ளை, பயப்படாதேனு மாமியார் சொல்றாங்க. ஆனா வளையல் கூட கழட்ட முடியல."

கால் வீக்கத்துக்கும் ஆணா பெண்ணா என்பதற்கும் சம்பந்தம் இல்லை. சாயங்காலம் பாதம் வீங்கி, காலையில் வற்றினால் சாதாரணம். எழுந்திருக்கும்போதே முகம் உப்பியிருக்கிறது, மோதிரம் இறுகுகிறது, வளைகாப்பில் போட்ட வளையல் மணிக்கட்டைக் கவ்வுகிறது, ஒரே வாரத்தில் ஒரு கிலோவுக்கு மேல் எடை ஏறிவிட்டது என்றால் அன்றைக்கே பிபி பாருங்கள், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பாருங்கள். வீக்கமே இல்லாமலும் பிபி ஏறும் என்பதால்தான் ஒவ்வொரு செக்கப்பிலும் பார்க்கிறார்கள்.

140/90 என்பது எல்லைக்கோடு. மேல் எண், கீழ் எண் இரண்டில் ஒன்று தொட்டாலும் கணக்குதான். 20 வாரத்துக்குப் பிறகு இந்த அளவும் சிறுநீரில் புரதமும் சேர்ந்தால் சிறுநீரகம், கல்லீரல், மூளை எதுவும் பாதிக்கப்படலாம். 160/110 தொட்டால், வேறு எந்தத் தொந்தரவும் இல்லாமல் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாலும் அவசரம். பார்லித் தண்ணீரும் சோம்புத் தண்ணீரும் குடிப்பதில் தவறில்லை, ஆனால் அவை பிபியைக் குறைக்காது. உப்பை அறவே நிறுத்துவதும், நீர் பிரிய மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம்.

தலைச்சன் பிள்ளை, இரட்டைக் குழந்தை, முந்தைய பிரசவத்தில் பிபி, சர்க்கரை, சிறுநீரக நோய், தாய்க்கோ அக்காவுக்கோ இதே பிரச்சினை இருந்தது என்றால் ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். தேவைப்பட்டவர்களுக்கு 16 வாரத்துக்குள் குறைந்த அளவு ஆஸ்பிரின் தொடங்குவார்கள். தாமதமாகத் தொடங்கினால் பலன் குறைவு.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்கால் சூடாக, தொட்டால் வலித்தால் அது ரத்தக் கட்டியாக இருக்கலாம். தேய்த்துவிடாதீர்கள், அன்றே காட்டுங்கள்.

"தலைவலிக்குத் தைலம் தேய்ச்சுப் படுத்தா போயிடாதா?"

ஒரு பாரசிட்டமால் போட்டு ஒரு மணி நேரம் படுத்துப் பாருங்கள். போய்விட்டால் சரி. போகவில்லை, ஐந்து மாதமும் தாண்டியிருக்கிறது என்றால் பிபி பார்க்காமல் தூங்கக் கூடாது. தலைவலியோடு கண் மங்கல், கண் முன்னால் பூச்சி பறப்பது, மின்னுவது, சிறுநீர் குறைவது, வலது விலாவுக்குக் கீழோ மேல்வயிற்றிலோ வலிப்பது இதில் ஏதாவது சேர்ந்தால் வீட்டில் மருந்து தேடாமல் நேராக ஆஸ்பத்திரிதான். அந்த மேல்வயிற்று வலியைத்தான் பெரும்பாலும் "வாயு" என்று சொல்லி இஞ்சிச் சாறும் அசிடிட்டி மருந்தும் கொடுத்து ஒரு ராத்திரியைக் கழித்துவிடுகிறார்கள். கல்லீரல் வீங்குவதால் வரும் வலியாக அது இருக்கலாம்.

அடுத்த கட்டம் ஜன்னி, அதாவது வலிப்பு. வந்துவிட்டால் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், சுற்றியிருக்கும் பொருட்களை அகற்றுங்கள், 108 கூப்பிடுங்கள். வாயில் கரண்டி, துணி, தண்ணீர் எதுவும் வேண்டாம். கையில் இரும்புச் சாவி கொடுப்பதால் வலிப்பு நிற்பதில்லை. மக்னீசியம் சல்பேட் ஊசிதான் இதற்கு மருந்து. முதல் டோஸை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே போட்டுவிட்டு மேல் சிகிச்சைக்கு அனுப்புவார்கள்.

"பிபி மாத்திரை குழந்தைக்கு ஆகாதுன்னு நானே நிறுத்திட்டேன். தப்பா?"

தப்புதான், இன்றே திரும்பத் தொடங்க டாக்டரிடம் பேசுங்கள். லேபட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா மூன்றும் பல ஆண்டுகளாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்படுபவை. கர்ப்பத்துக்கு முன்பே பிபி இருந்து டெல்மிசார்டான், லோசார்டான், எனலாப்ரில், ராமிப்ரில் சாப்பிட்டவர்கள் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். இவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். மாற்றுவது டாக்டரின் வேலை, நீங்களாக நிறுத்துவது தீர்வு இல்லை.

"குழந்தை துடிப்பு குறைஞ்ச மாதிரி இருக்கு. இனிப்பு சாப்பிட்டுப் பார்க்கலாமா?"

முதலில் கணக்கு. துடிப்பு 18 முதல் 20 வாரத்தில் தெரியத் தொடங்கும். தலைச்சனுக்கும், நஞ்சுக்கொடி முன்பக்கம் இருப்பவர்களுக்கும் சற்றுத் தாமதமாகும். 24 வாரம் ஆகியும் ஒன்றுமே தெரியவில்லை என்றால் காட்டுங்கள். 28 வாரத்துக்குள் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு வழக்கம் வந்துவிடும்: சில குழந்தைகள் அம்மா படுத்ததும் ஆட்டம் போடும், சில விடியற்காலையில். உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்கு மட்டும்தான் தெரியும். அது மாறினால் அதுவே போதுமான காரணம், எண்ணிக்கை கூடத் தேவையில்லை.

சந்தேகமாக இருந்தால் சாப்பிட்டுவிட்டு, டிவியும் போனும் இல்லாமல், இடது பக்கமாகப் படுத்து வயிற்றில் கை வைத்து எண்ணுங்கள். உதை, புரளல், உருளல் எல்லாம் கணக்கு. சீராக வரும் விக்கலைச் சேர்க்காதீர்கள். இரண்டு மணி நேரத்தில் 10 துடிப்பு வரவில்லை என்றால் கிளம்புங்கள். அசைவே இல்லை என்றால் இரண்டு மணி நேரமும் காத்திருக்க வேண்டாம். லட்டு, ஜூஸ், குளிர்ந்த தண்ணீர் என்று ஒவ்வொன்றாக முயற்சி செய்வதில்தான் நேரம் போகிறது.

"ஒன்பதாம் மாசம் இடம் பத்தாது, துடிப்பு குறையத்தான் செய்யும்" என்பது தவறு. இத்தனை தவறுகளில் எங்களை மிகவும் வருத்தப்பட வைப்பது இதுதான். உதைக்கும் விதம் மாறலாம், எத்தனை தடவை என்பது குறையக் கூடாது. பிரசவ நாள் வரை துடிக்க வேண்டும். குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க ஆன்லைனில் வாங்கிய டாப்ளர் கருவியில் சத்தம் கேட்டது என்று இருந்துவிடாதீர்கள். அது தாயின் ரத்தக் குழாய்ச் சத்தமாகவும் இருக்கலாம், குழந்தை திணறிக்கொண்டிருக்கும்போதும் இதயம் துடிக்கும். ஆஸ்பத்திரியில் பெல்ட் கட்டி இருபது நிமிடத்துக்குக் குறையாமல் இதயத் துடிப்பைப் பதிவு செய்வார்கள்.

"சூட்டு வலியா, பிரசவ வலியா? சீரகக் கஷாயம் குடிச்சுப் பார்க்கச் சொல்றாங்க."

37 வாரம் முடிந்து, ரத்தமோ நீரோ போகாமல், துடிப்பும் நன்றாக இருந்தால் சீரகத் தண்ணீர் குடித்துப் படுத்துப் பார்ப்பதில் கெடுதல் இல்லை. பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும், நடந்தால் அல்லது படுத்தால் அடங்கும். நிஜ வலி இடுப்பில் தொடங்கி முன்னால் சுற்றி வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும். முதல் பிரசவம் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் தொடர்ந்தால் கிளம்பலாம். இரண்டாவது என்றால் அதற்கு முன்பே. முன்பு சிசேரியன் ஆனவர்கள் வலி தொடங்கியதுமே போக வேண்டும், பழைய தையல் விட்டுப்போகும் அபாயம் உண்டு.

37 வாரத்துக்கு முன் என்றால் கஷாயம் வைக்கும் நேரம் கூட வேண்டாம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வயிறு இறுகுவது, அடிமுதுகில் மந்தமான வலி, கீழே அழுத்துகிற உணர்வு இவை குறைப்பிரசவத்தின் தொடக்கம். குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். அது முழுப் பலன் தர ஏறத்தாழ ஒரு நாள் தேவை. அந்த ஒரு நாள் கிடைக்க வேண்டுமானால் வலி முற்றும் முன் போயாக வேண்டும்.

"துணி நனையுது. சிறுநீரா, வெள்ளைப்படுதலா, பனிக்குடமானு தெரியல."

சிறுநீர் கழித்துவிட்டு சுத்தமான வெள்ளை பேட் வையுங்கள். நடமாடிவிட்டு அரை மணி கழித்துப் பாருங்கள். திரும்ப நனைந்திருந்தால் பனிக்குடம் என்றே எடுத்துக்கொண்டு, எத்தனை மணிக்குத் தொடங்கியது, நிறம், வாடை மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த பேடையே எடுத்துப் போங்கள். வலி வரவில்லை என்று வீட்டில் இருக்கக் கூடாது, நேரம் ஆக ஆகக் கிருமி மேலே ஏறும். பச்சையாகவோ பழுப்பாகவோ வந்தால் குழந்தை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது. கொடி மாதிரி ஏதாவது வெளியே தென்பட்டால் தொடாதீர்கள், உள்ளே தள்ளாதீர்கள். முழங்காலிட்டுத் தலையைத் தாழ்த்தி, இடுப்பை உயர்த்தி வைத்துக்கொண்டு 108 கூப்பிடுங்கள்.

தயிர்த் திப்பி மாதிரி வெள்ளைப்பட்டு அரிப்பும் இருந்தால் அது பூஞ்சைத் தொற்று. அவசரம் இல்லை, மருந்து உண்டு.

"காய்ச்சலுக்கு மெடிக்கல்ல மாத்திரை வாங்கிப் போட்டுக்கலாமா?"

பாரசிட்டமால் 500 மி.கி. போடலாம், ஆறு மணி நேர இடைவெளியில். 100.4 தொட்டால் அன்றே டாக்டரையும் பார்க்க வேண்டும். இப்யூப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகை வலி மாத்திரைகள் வேண்டாம். 20 வாரத்துக்குப் பிறகு அவை குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதித்துப் பனிநீரைக் குறைக்கும். குளிர் நடுக்கத்தோடு விலாப் பக்கம் வலி, சிறுநீர் எரிச்சல் என்றால் சிறுநீரகத் தொற்று. ஊசி மருந்து வேண்டியிருக்கும்.

மழைக்காலத்தில் டெங்குவை நினைவில் வையுங்கள். காய்ச்சல் விட்டதும் பிழைத்தோம் என்று நினைப்பார்கள், ஆனால் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும்போதுதான் ஆபத்து வரும். அப்போது வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், கடும் சோர்வு இருந்தால் உடனே அட்மிட் ஆக வேண்டும்.

"உள்ளங்கையும் பாதமும் ராத்திரி முழுக்க அரிக்குது. எண்ணெய் தடவினா போகுமா?"

வயிற்றுத் தோல் விரிவதால் வரும் அரிப்புக்குத் தேங்காய் எண்ணெய் போதும். தடிப்பே இல்லாமல் உள்ளங்கை, உள்ளங்காலில் அரித்தால் கல்லீரலில் பித்தநீர் தேங்குவதால் இருக்கலாம். கல்லீரல் பரிசோதனையும் பித்த அமில அளவும் ரத்தத்தில் பார்க்க வேண்டும். பித்த அமிலம் மிக அதிகமானால் குழந்தைக்கு ஆபத்து. கண் மஞ்சளாகிவிட்டால் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம். கர்ப்பத்தில் வரும் மஞ்சள் காமாலை சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

"மாடி ஏறினா மூச்சு வாங்குது. ரத்தம் கம்மினு சொன்னாங்க, அதனாலயா?"

இருக்கலாம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழ் இருந்தால் சோகை, 7-க்குக் கீழ் போனால் அட்மிட் செய்து சிகிச்சை தர வேண்டிய அளவு. அரசு தரும் மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அதை டீ, காபி, பால், கால்சியம் மாத்திரை எதனோடும் சேர்க்காமல் இரண்டு மணி நேரம் தள்ளிச் சாப்பிடுங்கள். மலம் கறுப்பாகப் போவது சாதாரணம்.

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, மட்டமாகப் படுக்க முடியாமல் எழுந்து உட்காருவது, நெஞ்சு வலி, இருமலில் ரத்தம்: இவை சோகை என்று ஒதுக்க வேண்டியவை அல்ல. இதயக் கோளாறோ, காலிலிருந்து நுரையீரலுக்குப் போன ரத்தக் கட்டியோ இருக்கலாம். 108.

"வண்டியில இருந்து விழுந்துட்டேன், அடி ஒண்ணும் படல. காட்டணுமா?"

ஐந்து மாதம் தாண்டியிருந்தால் ஆமாம். நஞ்சுக்கொடி பிரிவது பற்றி மேலே சொன்னோம், அது அடிபட்ட உடனே தெரியாமல் சில மணி நேரம் கழித்துத் தெரியலாம். அதனால் குறைந்தது நான்கு மணி நேரம் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பார்கள். நெகட்டிவ் ரத்த வகைக்கு ஆன்டி-டி கணக்கு இங்கேயும் உண்டு.

"வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன். இங்க எந்த ஆஸ்பத்திரியும் பழக்கமில்லை."

வந்த வாரமே அந்த ஊர் செவிலியரிடம் பிக்மி எண்ணை (கர்ப்பத்தை அரசிடம் பதிந்தபோது தந்த எண்) சொல்லிப் பதிந்துவிடுங்கள், அருகிலுள்ள சீமாங்க் மையம் எது, எவ்வளவு நேரப் பயணம் என்று கேளுங்கள். தாய் சேய் நல அட்டை, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட், ரத்த வகைச் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகள் ஒரே பையில் இருக்கட்டும். ரத்தம் கொடுக்கத் தயாரான இரண்டு பேரின் எண் வீட்டில் எல்லோருக்கும் தெரியட்டும். 108-ல் பேசும்போது முதலில் "கர்ப்பிணி, இத்தனை வாரம், இன்ன தொந்தரவு" என்று சொல்லி, பிறகு ஊர் அடையாளம் சொல்லுங்கள். வண்டியில் இடது பக்கமாகப் படுக்க வையுங்கள். மல்லாந்து படுத்தால் கர்ப்பப்பையின் பாரம் பெரிய ரத்தக் குழாயை அழுத்தி பிபியைத் தாழ்த்திவிடும். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் வழியில் எதுவும் சாப்பிடக் கொடுக்காதீர்கள்.

"நேத்துதான் போனேன், ஒண்ணுமில்லைனு அனுப்பிட்டாங்க. மறுபடியும் போனா திட்டுவாங்களே?"

திட்டினாலும் போங்கள். நேற்றைய பரிசோதனை நேற்றைய நிலையைத்தான் சொல்லும், துடிப்பு குறைவது இரண்டாம் தடவை நடந்தால் முதல் தடவையை விடக் கவனமாகப் பார்க்க வேண்டும். "ஒரு மாதிரி இருக்கு" என்று தொடங்கினால் வரிசையில் உட்கார வைத்துவிடுவார்கள். "34 வாரம், காலையிலிருந்து துடிப்பு குறைவு, நேற்றும் இதற்காக வந்தேன்" என்று சொல்லுங்கள். திரும்பும்போது பிபி எவ்வளவு என்று எண்ணாகக் கேட்டு அட்டையில் எழுதி வாங்குங்கள்.

"பிரசவம் ஆயிடுச்சு. இனிமே பயம் இல்லையே?"

42 நாள் வரை கவனம் வேண்டும். பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பிபி மறுபடி ஏறுவது வழக்கம், பெரும்பாலும் அப்போது வீட்டுக்கு வந்திருப்பார்கள். ஆகவே தலைவலிக் கேள்வியில் சொன்ன எல்லாமே இப்போதும் பொருந்தும். கர்ப்பத்தில் பிபி இல்லாதவருக்கும் பிரசவத்துக்குப் பிறகு முதல் தடவையாக வலிப்பு வரலாம். முதல் வாரத்தில் ஒரு தடவையாவது பிபி பார்த்துவிடுங்கள்.

ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் நனைவது, எலுமிச்சை அளவில் ரத்தக் கட்டி விழுவது, காய்ச்சல், தீட்டில் துர்வாடை, தையலில் சீழ், ஒரு கால் வீக்கம், மூச்சுத் திணறல் எதற்கும் உடனே போக வேண்டும். பத்தியம் என்று தண்ணீரைக் குறைக்காதீர்கள். பால் கொடுக்கும் தாய்க்குத் தாகம் எடுக்கும் போதெல்லாம் தண்ணீர் கொடுங்கள். வாயில் துணி கட்டிய காய்ச்சிய தண்ணீர் செம்பு ஒன்று அவர் கைக்கெட்டும் இடத்திலேயே இருக்கட்டும்.